12ஆவது நிமிடத்தில் ஒரு கேள்வி

ஆலப்பாக்கத்தில் ஏறிக் கடலூர் பேருந்து நிலையத்தில் இறங்க, சாயங்கால நேரத்தில் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. பி.எட். இரண்டாம் ஆண்டு டீச்சிங் பிராக்டிஸுக்காக அந்த வழியில்தான் போய் வந்தேன். ஒரு புதன்கிழமை, ஜன்னலோர இடம் கிடைத்தது. காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, அன்று காலை எட்டாம் வகுப்புக்கு நான் எடுத்த பாடத்தையே போட்டுக் கேட்டுக்கொண்டு வந்தேன். சிப்காட் தாண்டி முதுநகருக்குள் வண்டி நுழைவதற்குள் பாடம் முடிந்துவிட்டது. முடிந்ததும் பின்னால் தள்ளி, 12ஆவது நிமிடத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன். இறங்க வேண்டிய இடத்தில் கண்டக்டர் நிறுத்தத்தின் பெயரைச் சொல்லிக் கத்தியதுகூட முதல் தடவை காதில் ஏறவில்லை. அன்று இரவு அம்மா தட்டில் போட்ட தோசையைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தேன்.

அந்த வகுப்பு, அதுவரை நான் எடுத்ததிலேயே சிறந்தது என்று நினைத்துக்கொண்டிருந்த வகுப்பு. பாடம் 'விசையும் அழுத்தமும்'. ஸ்மார்ட் போர்டுக்கு ஏற்றபடி இரண்டு இரவு உட்கார்ந்து தயார் செய்திருந்தேன். ஒட்டகத்தின் அகன்ற பாதம் மணலில் புதையாமல் நடக்கும் காட்சி, பத்துச் சக்கர லாரி, தோளை அறுக்காத அகலப் பட்டை வைத்த புத்தகப்பை, ஆணிப் படுக்கை மேல் படுத்திருக்கும் மனிதர் என்று ஒன்றன்பின் ஒன்றாக வீடியோ. பிள்ளைகள் வாயைத் திறந்தபடி பார்த்தார்கள். வராந்தாவில் போன என் கைடு சார் (அந்தப் பள்ளியில் எனக்கு வழிகாட்டும் ஆசிரியர்) நின்று எட்டிப் பார்த்துவிட்டு, இடைவேளையில் சொன்னார்: "நம்ம எட்டாம் கிளாஸா அது? மூச்சு விடல ஒருத்தனும். பரவால்லியேம்மா." எனக்கு அன்று முழுக்கக் கால் தரையில் படவில்லை.

பதிவு செய்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. தினமும் எழுத வேண்டிய அனுபவக் குறிப்பேட்டில் ஒரே வாக்கியங்களை மாற்றி மாற்றி எழுதி அலுத்துப்போயிருந்தது. சாரிடம் கேட்டுக்கொண்டு, செல்போனில் குரல் பதிவைப் போட்டு வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தேன். பிள்ளைகளிடம் சொல்லவில்லை. அதைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன்.

12ஆவது நிமிடத்தில் இருந்தது இதுதான். வீடியோவில் ஒரு குரல், பரப்பு கூடக் கூட அழுத்தம் குறையும் என்று சொல்லி முடிக்கிறது. லாரிச் சக்கரங்கள் உருளும் சத்தம். அதற்கு அடியில், மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பையன்: "மிஸ்... மிஸ்... அப்ப கேஜ் வீலு மட்டும் ஏன் மிஸ் ரோட்ட கிழிக்குது? அது எவ்ளோ அகலமா இருக்கு?" உடனே என் குரல், கோபமே இல்லாமல், மிக இனிமையாக: "வீடியோ ஓடுது பாருப்பா. பேசாம கவனி."

அதற்குப் பிறகு அந்தப் பதிவு முழுக்க அவன் குரல் இல்லை. அப்படி ஒரு கேள்வி வந்ததே எனக்கு நினைவில்லை. காதில் விழுந்திருக்கிறது, பதில் சொல்லியிருக்கிறேன், ஆனாலும் கேட்கவில்லை.

நெல் விளையும் ஊரில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் எடை தெரியும். டிராக்டர் சேற்றில் இறங்கும்போது மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம் அது. அந்த வாரம்தான் பெருமாள் ஏரிப் பாசனப் பக்கம் சேற்று உழவு தொடங்கியிருந்தது. டயரைவிட அகலமான அந்தச் சக்கரம், நான் சொல்லிக்கொடுத்த சூத்திரப்படி ரோட்டை மெதுவாகத்தானே அழுத்த வேண்டும்? ஆனால் கேஜ் வீலோடு போனால் தார் ரோடு பாழாகிறது. அப்படி ஓட்டக் கூடாது என்று தடையே உண்டு. சூத்திரத்தைக் கேட்டவுடனே, அது பொருந்தாதது போலத் தெரியும் ஓர் இடத்தைத் தன் ஊரிலிருந்து எடுத்துக் காட்டியிருக்கிறான் 13 வயதுப் பையன். இயற்பியல் பட்டம் வாங்கிய நான் ஒட்டகத்தை வைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

என் கட்சி எது என்று சொல்லிவிடுகிறேன்

இதைப் படித்துவிட்டு நான் தொழில்நுட்பத்துக்கு எதிராகப் பேசப் போகிறேன் என்று நினைக்க வேண்டாம். நான் 2020-21இல் பன்னிரண்டாம் வகுப்புப் படித்தவள். கல்வித் தொலைக்காட்சியும் அப்பாவின் செல்போனும்தான் என் பள்ளிக்கூடம். 2021 ஜனவரி 19ஆம் தேதி பள்ளி திறந்து கொஞ்ச நாள் போனோம், மறுபடி மூடினார்கள், பொதுத்தேர்வே ரத்தானது. பத்தாம் வகுப்பில் 50, பதினொன்றில் 20, பன்னிரண்டில் 30 சதவீதம் என்று கணக்குப் போட்டு மதிப்பெண் வந்த வருஷம். பாடப்புத்தகத்து கியூஆர் குறியீட்டைத் தட்டினால் வந்த வீடியோக்கள் இல்லையென்றால் மின்காந்தத் தூண்டல் எனக்குப் புரிந்தே இருக்காது. இதை நன்றியோடுதான் சொல்கிறேன்.

அதே வருஷத்தில் இன்னொன்றும் நடந்தது. ஆன்லைன் வகுப்பில் நுழைந்ததும் எல்லோரும் மைக்கை அணைத்துவிட வேண்டும். ஒருநாள் மின்தேக்கி பற்றி ஒரு சந்தேகம். மைக்கைத் திறக்கக் கூச்சம். தமிழில் தட்டச்சு செய்யத் தெரியாமல் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டித் தட்டி, அனுப்புவதற்குள் வகுப்பு முடிந்து திரை இருண்டுவிட்டது. அந்தச் சந்தேகம் கல்லூரி வரை என்னோடு வந்தது. ஒரு கேள்வி உள்ளேயே கிடந்து புளிப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், 40 பிள்ளைகள் எதிரே உட்கார்ந்திருக்க, பட்டனே இல்லாமல் அவர்கள் மைக்கை நான் அணைத்திருக்கிறேன்.

வீடியோவை நிறுத்தும் பட்டன் என் கையிலேயே இருந்தது. ஒருமுறைகூட அழுத்தவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் எதையும் நடுவில் நிறுத்துவது அதைக் கெடுப்பது என்ற எண்ணம் எனக்குள் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். இரண்டு இரவு உட்கார்ந்து நான் கோத்த மாலை அது. அதில் எந்தப் பிள்ளையும் கை வைக்க இடம் விடவில்லை. எழுதும் பலகை என்றால் எழுதி முடிக்கும் வரை ஒரு இடைவெளி இருக்கும், அந்த நேரத்தில் யாராவது எதையாவது கேட்பார்கள் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதையும் சோதித்துப் பார்க்க, அடுத்த வாரம் சாக்பீஸை மட்டும் வைத்து எடுத்த ஒரு வகுப்பைப் பதிவு செய்து கேட்டேன். பிள்ளைகள் கொஞ்சம் கூடுதலாகப் பேசியிருந்தார்கள். ஆனால் நான் கேட்ட 31 கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு, ஒரு நொடிகூடக் காத்திருக்காமல் நானே பதிலையும் சொல்லியிருந்தேன். "அப்ப அழுத்தத்தோட அலகு என்ன? பாஸ்கல். சரியா?" "சரி மிஸ்." குற்றத்தை ஸ்மார்ட் போர்டின் தலையில் கட்ட முடியாமல் போனது.

கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஆசிரியர் விடும் இந்த இடைவெளிக்குக் கல்வியியலில் 'காத்திருப்பு நேரம்' என்று பெயரே இருக்கிறது. மேரி பட் ரோவ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் கேட்டு எழுதினார்: ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், அதை 3 நொடியாக நீட்டினாலே பதில்கள் நீளமாகின்றன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகள் பேசுகிறார்கள், பிள்ளைகள் தாங்களாகக் கேள்வி கேட்பதும் கூடுகிறது. இதை முதலாம் ஆண்டில் படித்து, ஐந்து மதிப்பெண் கேள்விக்கு எழுதியும் இருக்கிறேன். அவர் கண்டுபிடித்தது ஒலிப்பதிவுக் கருவியால் என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை. வகுப்புக்குள் நின்றுகொண்டிருக்கும் எந்த ஆசிரியராலும் தன் ஒரு நொடியை அளக்க முடியாது. நிற்பவருக்கு அது நீண்ட மௌனமாகத்தான் தோன்றும்.

நுண்ணிலைக் கற்பித்தலில் பாதி எங்கே போனது

பி.எட். படித்தவர்கள் எல்லோருக்கும் நுண்ணிலைக் கற்பித்தல் தெரியும்: ஒரு நேரத்தில் ஒரே ஒரு கற்பித்தல் திறனை மட்டும் சில நிமிடம் பழகும் பயிற்சி. 6 நிமிடம் கற்பித்தல், 6 நிமிடம் பின்னூட்டம், 12 நிமிடம் மறுதிட்டம், மறுபடி 6 நிமிடம் கற்பித்தல், 6 நிமிடம் பின்னூட்டம், ஆக 36 நிமிடச் சுழற்சி. தொடங்குதல் திறன், கிளர்வினாத் திறன் (துருவித் துருவிக் கேட்பது), பல்வகைத் தூண்டல் திறன் (கவனம் சிதறாமல் குரலையும் அசைவையும் மாற்றுவது) என்று ஒவ்வொன்றாக எடுத்து, தோழிகளையே மாணவர்களாக உட்கார வைத்து நடத்துவோம். பின்னூட்டம் என்பது இன்னொரு தோழி ஒரு தாளில் டிக் அடிப்பது. "சூப்பரா இருந்துச்சுடி" என்பாள். நாளை அவள் முறை வரும்போது நானும் அதையே சொல்வேன்.

1963இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் அவரோடு இருந்தவர்களும் இந்த முறையை உருவாக்கியபோது வீடியோப் பதிவு அதன் முக்கியமான அங்கமாகிவிட்டது. பயிற்சி ஆசிரியர் சின்னக் குழுவுக்குக் கொஞ்ச நேரம் கற்பிப்பார், தான் கற்பித்ததைத் தானே பார்ப்பார், திருத்திக்கொண்டு மறுபடி கற்பிப்பார். அந்தக் காலத்தில் வீடியோக் கருவி எவ்வளவு பெரியது, எவ்வளவு விலை என்பதை யோசித்தால் அவர்கள் எதற்காக அவ்வளவு மெனக்கெட்டார்கள் என்பது புரியும். கடல் கடந்து நம் ஊர் வந்து சேர்வதற்குள் அந்தப் பாதி உதிர்ந்துபோய், நிமிடக் கணக்கும் டிக் தாளும் மிஞ்சியிருக்கின்றன. இன்று எங்கள் ஒவ்வொருவர் பையிலும் 1963இன் கருவியைவிட எத்தனையோ மடங்கு நல்ல கருவி இருக்கிறது. அதை அணைத்துப் பைக்குள் வைத்துவிட்டுத்தான் நுண்ணிலைக் கற்பித்தலுக்கு எழுந்து நிற்கிறோம்.

வகுப்பறைத் தொழில்நுட்பம் என்று பேசும்போதெல்லாம் திரை பிள்ளைகளைப் பார்த்துத்தான் இருக்கிறது. ஸ்மார்ட் போர்டு, ஹைடெக் லேப், கல்வித் தொலைக்காட்சி எல்லாமே அவர்கள் பார்க்க, அவர்கள் கேட்க. என்னைப் பொறுத்தவரை இந்த 80 நாள் டீச்சிங் பிராக்டிஸில் எனக்கு மிக அதிகம் கற்றுக்கொடுத்த கருவி, என் பக்கம் திரும்பியிருந்த கருவிதான். ஆசிரியர் வேலைக்கு வரப் போகிறவர்களிடம் முதலில் கொடுக்க வேண்டியது அது என்று நினைக்கிறேன். ஸ்மார்ட் போர்டை இயக்க அரை நாள் பயிற்சி போதும். தன் வகுப்பைத் தானே கேட்க, எனக்கு ஒரு மாதம் ஆகியும் இன்னும் வயிற்றைப் பிசைகிறது.

"நான் கேக்கல மிஸ்"

வியாழக்கிழமை காலை, வருகை எடுத்ததும் அந்தப் பையனைப் பார்த்துச் சொன்னேன்: "நேத்து நீ ஒரு கேள்வி கேட்ட. நான் பதில் சொல்லல."

எழுந்து நின்றான். "இல்ல மிஸ். நான் கேக்கல மிஸ்."

"கேஜ் வீல் பத்திக் கேட்டியேப்பா."

"நான் ஒண்ணும் பேசல மிஸ். இவன்தான் பேசுனான்." பக்கத்துப் பையனைக் காட்டினான். கேள்வி கேட்டதைக் குற்றமாக நினைத்து மறைக்கிறான் என்று எனக்குப் புரியச் சில நொடிகள் ஆயின. நேற்று நான் அவனுக்குக் கற்பித்தது அதுதான், அழுத்தம் அல்ல. பதறிப்போய் நான் செய்தது இன்னொரு தவறு. செல்போனை எடுத்து அந்த இடத்தைப் போட்டுக் காட்டினேன். வகுப்பு சிரித்தது, அவன் குரலை அவனே கேட்டு வெட்கப்பட்டான், நான் "மன்னிச்சிடுப்பா, நல்ல கேள்வி, நான்தான் விட்டுட்டேன்" என்றேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கும்போது முதல் பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "மிஸ், எங்கள ரெக்கார்டு பண்ணீங்களா? எல்லாத்தையுமா?"

அவள் முகத்தில் இருந்தது கோபம்கூட இல்லை. முந்தின நாள் தான் என்னென்ன பேசினோம் என்று நினைவில் தேடுகிற முகம். பிள்ளைகளிடம் சொல்லாமல் பதிவு செய்தது தப்பு என்று அப்போதுதான் உறைத்தது. எதற்காகப் பதிவு செய்தேன், யார் கேட்பார்கள், எப்போது அழிப்பேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். இனி சொல்லிவிட்டுத்தான் செய்வேன், வேண்டாம் என்று ஒருவர் சொன்னாலும் அன்று போனை எடுக்க மாட்டேன் என்றும் சொன்னேன். அதன்பிறகு இரண்டு தடவை வேண்டாம் என்றார்கள், எடுக்கவில்லை.

பிறகு கேஜ் வீலுக்கு வந்தோம். "ஏன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு மனசுக்குள் ஐந்து வரை எண்ணினேன். "ரோடு கெட்டி மிஸ், அதான்" என்றான் ஒருவன். "இரும்புல்ல" என்றான் இன்னொருவன். பதில் என் நாக்கு நுனியில் நின்றது. சொல்லவில்லை. மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், மணலில் ஒரு செங்கல்லைப் படுக்க வைத்தும் நிறுத்தியும் குழி எவ்வளவு விழுகிறது என்று ஸ்கேலால் அளந்தோம். சுமார் 3 கிலோ கல். படுக்க வைத்தால் 23க்கு 11 செ.மீ., நிறுத்தினால் 11க்கு 7. அதே எடை, அழுத்தம் மட்டும் மூன்று மடங்குக்கு மேல். கணக்கு எல்லோருக்கும் வந்தது. ஆனால் கேஜ் வீல் புதிராகவே நின்றது. மணி அடித்துவிட்டது.

மறுநாள் அந்தப் பையன் ஓடி வந்து சொன்னான், டிராக்டர் ஓட்டுகிற அவன் மாமா, கைடு சாருடைய வாட்ஸ்அப்புக்கு இரண்டு போட்டோ அனுப்பியிருக்கிறார் என்று. இரண்டையும் ஸ்மார்ட் போர்டில் போட்டேன். ஒன்று வயல்: சக்கரம் போன வழி முழுக்க அகலமான ஒரு பட்டை, சேறு நசுங்கிக் கிடந்தது. இன்னொன்று வயலிலிருந்து ரோட்டில் ஏறும் முனை: தாரில் ஏணிப்படி போல ஒரே இடைவெளியில் குறுக்குக் கீறல்கள். முதல் பெஞ்சுப் பெண் எழுந்து வந்து, போர்டில் விரலை வைத்து அந்தக் கீறல்களைப் பெரிதாக்கினாள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எங்கிருந்தோ ஒரு குரல், "மிஸ், ரோட்ல கம்பி மட்டுந்தான் மிஸ் படுது." அப்புறம் வகுப்பு என் கையில் இல்லை. சேற்றில் சக்கரம் கொஞ்சம் அமிழ்வதால் பல பட்டைகள் சேர்ந்து எடையைத் தாங்குகின்றன. கெட்டித் தரையில் ஒன்றிரண்டு இரும்புப் பட்டையின் விளிம்பு மட்டும் முழு எடையையும் தாங்குகிறது. பார்க்கிற அகலம் வேறு, படுகிற பரப்பு வேறு. அந்தச் சொற்களில் அல்ல, அவர்கள் சொற்களில் அதைச் சொல்லி முடித்தார்கள். அந்த ஸ்மார்ட் போர்டு என் 80 நாளில் செய்த மிக நல்ல வேலை, தெளிவில்லாத இரண்டு போட்டோக்களைக் காட்டியதுதான்.

ஒரு பீரியட் பாடம் மூன்று பீரியட் ஆனது. சார் கோபப்படவில்லை, ஆனால் சொன்னார்: "நல்லாத்தான் செய்யற. நீ போனதுக்கப்புறம் போர்ஷன நான்தானம்மா முடிக்கணும்." அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எல்லாப் பாடத்துக்கும் மூன்று மடங்கு நேரம் எந்தப் பள்ளியிலும் கிடையாது. எந்தக் கேள்விக்காக நிற்பது, எதைக் குறித்துக்கொண்டு கடந்துபோவது என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

யார் காதுக்கு

தோழி ஒருத்தி, ஏன் உட்கார்ந்து முழுசாகக் கேட்கிறாய், பேச்சை எழுத்தாக்கும் செயலியில் போட்டால் படித்துவிடலாமே என்றாள். போட்டுப் பார்த்தேன். என் பேச்சு ஓரளவு ஒழுங்காக எழுத்தாகியிருந்தது. மூன்று பிள்ளைகள் சேர்ந்து பேசிய இடமெல்லாம் காலி. கேஜ் வீல் கேள்வி வந்த இடத்தில் வீடியோக் குரலின் வரிகள் மட்டும் இருந்தன. நாளைக்கு இவை இன்னும் நன்றாகக் கேட்கக் கற்றுக்கொள்ளும், சந்தேகமில்லை. அப்போதும் நான் என் காதாலேயே கேட்க விரும்புகிறேன். இனிமையாக நான் சொன்ன அந்த "பேசாம கவனி", எழுத்தில் ஒன்றுமே இல்லை, குரலில்தான் வலிக்கிறது.

பயம் ஒன்று இருக்கிறது. இது நல்ல யோசனை என்று யாராவது இதை உத்தரவாக்கினால் கெட்டுவிடும். தினமும் ஒரு பதிவு, அதை மேலே ஏற்ற வேண்டும், அதற்கு ஒரு மதிப்பெண் என்று வந்தால், ஆசிரியர்கள் பதிவுக்காக ஒரு வகுப்பு எடுப்பார்கள். நானும் எடுப்பேன். பிள்ளைகளின் தப்பான பதில்களும், வீட்டைப் பற்றி வாய்தவறிச் சொல்வதும் எங்கோ போய்ச் சேமிப்பில் கிடக்கும். ஏற்கனவே ஆசிரியர்களின் நேரத்தில் எவ்வளவு செயலிகளில் விவரம் ஏற்றப் போகிறது என்பதை ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பதிவு எடுத்தவர் கேட்க வேண்டும், அவரே அழிக்க வேண்டும். நான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அழித்துவிட்டேன்.

அழிக்காமல் ஒரே ஒரு துண்டு மட்டும் வைத்திருக்கிறேன், பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டு. கடைசி வாரத்துப் பதிவு. அழுத்தம் குறைவதற்கு உங்கள் வீட்டில் ஓர் உதாரணம் சொல்லுங்கள் என்று நான் கேட்கிறேன். அதன்பிறகு என் குரல் இல்லை. ஃபேன் சுற்றுகிற சத்தம். தூரத்தில் ஆலப்பாக்கம் ஸ்டேஷன் பக்கம் ரயில் ஊதுகிறது. யாரோ பென்சில் பாக்ஸைக் கீழே போடுகிறார்கள். பத்து நொடிக்கு மேல். அப்புறம், 80 நாளில் அதுவரை ஒரு தடவைகூட வாய் திறக்காத கடைசி பெஞ்சுப் பெண்ணின் குரல், மெதுவாக:

"மிஸ், எங்க ஆயா மீன் கூடை தூக்கறப்ப தலையில சும்மாடு வச்சுக்குவாங்க. அதுவும் இதானா மிஸ்?"